மெஷினுக்கு மெயின்டெனன்ஸ் உண்டு... மணிக்கட்டுக்கு?

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சாப்பிடாமல் காலேஜுக்கு ஓடும்போதும், பரீட்சைக்கு ராத்திரி கண் விழிக்கும்போதும் அம்மாக்கள் தவறாமல் சொல்கிற வசனம் இது. ஆனால் நண்பர்களே, அந்தச் சுவரில் விரிசல் எங்கே விழும், எப்போது விழும், விழுந்த முதல் நாளே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நமக்கு யாராவது சொல்லிக் கொடுத்தது உண்டா?

மூன்று வருஷமாகப் படிக்கிறோம். பேரிங் தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று தெரியும். ஷாஃப்ட் அலைன்மென்ட் தவறினால் அதிர்வு எப்படி இருக்கும் என்று தெரியும். பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ், பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து மார்க்குக்கு மனப்பாடமாக எழுதுவோம். உடைந்த பிறகு ரிப்பேர் செய்வது நஷ்டம், உடைவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது லாபம். இதுதானே அதன் சாரம்? மெஷினுக்குத் தெரிந்த இந்த நியாயம், அதே மெஷினை ஓட்டுகிறவனின் கைக்கும் முதுகுக்கும் ஏன் கிடைப்பதில்லை?

எலும்பு வலி, மூட்டு வலி, நரம்பு வலி என்றதும் அதை வயசானவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு என்பதே என் கருத்து. வேலை செய்யும் இடத்தில் இருக்கிற குறை, உடம்பில் தெரிவதுதான் இந்த வலிகளில் பெரும்பாலானவை. அந்த இடத்தை நாளைக்கு அமைக்கப் போகிறவர்களும் அங்கே நிற்கப் போகிறவர்களும் டிப்ளமோ படிக்கிற நாம்தான். ஆகவே இதைப் பற்றி டாக்டர்கள் மட்டும் பேசினால் போதாது, நாமும் பேச வேண்டும்.

நம்ம ரோடு, நம்ம கை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இன்றைக்கு சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாத்தூர், ஒரகடம் என்று எந்தக் கூட்டு ரோட்டில் நின்றாலும் ஷிஃப்ட் பஸ் வரிசை கட்டி நிற்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதாவது ஒரே விடுதியில் 37,440 கைகள்!

இந்தக் கைகள் என்ன செய்கின்றன? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். லைனில் ஒரு வேலைக்கு 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 120 தடவை. டீ, சாப்பாட்டு நேரம் போக 7 மணி நேரம் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 840 தடவை. மாதம் 25 நாள் என்றால் 21,000 தடவை. ஒரே மணிக்கட்டு, ஒரே கோணம், ஒரே திருப்பு! எந்த ஸ்பிரிங்காக இருந்தாலும் இத்தனை சுற்றுக்கு 'ஃபெட்டீக்' பார்த்துத்தான் டிசைன் செய்வோம். மனுஷக் கைக்கு மட்டும் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

"புதுசுல அப்படித்தான், பழகிடும்!"

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அப்பா வாலாஜாபாத் பக்கம் நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். ஐம்பது வயது ஆகவில்லை, குனிந்து செருப்பு மாட்ட முடியாது. அதற்கு அவர் வைத்திருக்கிற பேர் 'வாயு'. பூண்டு சாப்பிட்டால் சரியாகும் என்பார். ஆகவில்லை.

அக்கா ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் லைனில் இருக்கிறாள். சேர்ந்த எட்டாவது மாதத்திலிருந்து ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறுவாள். பக்கத்து வீட்டு ஆயா 'நரம்புத் தளர்ச்சி' என்றார். அம்மா 'துணி துவைச்ச அசதி' என்றாள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கொடுத்தார்கள். லைன் லீடர் சொன்னது: 'புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்மா.' ஆளுக்கொரு காரணம்! அந்த வேலையைக் கைகாட்டியவர் ஒருவர்கூட இல்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'எந்தெந்த விரல் மரத்துப் போகுது?' இரண்டாவது கேள்வி, 'என்ன வேலை பார்க்கிறே?' இரண்டே கேள்வியில் பாதி நோய் பிடிபட்டுவிட்டது. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். இப்போது தூங்குகிறாள். ஆனால் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க மட்டும் இன்னும் பயப்படுகிறாள். 'கேட்டா, காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அனுப்பிடுவாங்கடா' என்கிறாள். நோயை விட இந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்.

கன்ட்யூட் பைப்புக்குள் ஒரு சிக்னல் ஒயர்

எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். நம் மணிக்கட்டில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. கீழேயும் பக்கத்திலும் எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டை. அந்த இடுக்கு வழியாக விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும், நடு நரம்பு என்ற ஒரே ஒரு நரம்பும் போகின்றன. ஒரே கன்ட்யூட் பைப்பில் 9 கேபிளும் 1 சிக்னல் ஒயரும் மாதிரி. விரலை ஓயாமல் மடக்கி நீட்டினால், அதுவும் மணிக்கட்டை வளைத்துக்கொண்டு பலமாகப் பிடித்தால், கேபிள்களைச் சுற்றி வீக்கம் வரும். பைப் பெரிதாகாது. ஆகவே நசுங்குவது சிக்னல் ஒயர்! இதைத்தான் டாக்டர்கள் 'கார்ப்பல் டனல்' என்கிறார்கள்.

அடையாளம் எளிது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப் போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரியில் அதிகமாகும், கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். ஃபேலன் என்ற அமெரிக்க சர்ஜன் பிரபலப்படுத்திய ஒரு சோதனையும் உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு முழுக்க மடங்கி, விரல்கள் கீழே பார்க்கும்படி 1 நிமிஷம் வையுங்கள். அந்த விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். வராவிட்டால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

மாறாக, சுண்டு விரல் பக்கம் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். டேபிள் விளிம்பில் முழங்கையை ஊன்றியே வேலை செய்பவர்களுக்கு வரும். இரண்டு பாதங்களும் மரத்து எரிந்தால் சர்க்கரை நோயா, பி-12 சத்துக் குறைவா என்று ரத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்ப காலம் இவையும் மணிக்கட்டு நரம்பை நசுக்கலாம். எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போட்டால் நோய் தப்பிவிடும். எல்லாவற்றையும் உடம்பு மேல் போட்டால் கம்பெனி தப்பிவிடும். இரண்டையும் பார்க்கத்தான் டயக்னாஸிஸ்!

ஆரம்பத்திலேயே பிடித்தால் பட்டையும் வேலை மாற்றமும் பெரும்பாலும் போதும். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடியில் இருக்கிற மேடு வற்றிப் போகும், சட்டை பட்டன் போட முடியாது, ஆபரேஷன் தேவைப்படும். அப்போதும் செத்த நரம்பு முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலித்தால் அது தசைநாண் உறை வீக்கம். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் 'டென்னிஸ் எல்போ'. பேர்தான் டென்னிஸ், வருவது ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவர்களுக்கும்! காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகால் சுருக்கென்றால் பாதத்தின் அடிச்சவ்வு கெட்டிருக்கிறது. நாள் முழுக்க கான்கிரீட் தரையில் நிற்பவர்களுக்கு இது சகஜம்.

முதுகுக்கு ஒரு மொமென்ட் கணக்கு

முதல் வருஷம் மெக்கானிக்ஸில் லீவர் படித்தோமே, அதை நம் முதுகில் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ பெட்டியைக் கையை நீட்டித் தூக்குகிறீர்கள். முதுகெலும்புக்கும் பெட்டிக்கும் தூரம் 50 செ.மீ. அதைத் தாங்க வேண்டிய முதுகுத் தசை, முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 15-ஐ 50-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 150. ஆக, 15 கிலோவைத் தூக்க முதுகுத் தசை 150 கிலோ இழுவை கொடுக்கிறது! நம் உடம்பின் மேல்பாதி எடையை இதில் சேர்க்கவே இல்லை. அதே பெட்டியை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் 75 கிலோ. எடை மாறவில்லை. தூரம் மாறியது, பாரம் பாதியானது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்தி அமைத்த தூக்கும் சூத்திரத்தில், எல்லாமே சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான் உச்சம். தூரம் கூடினால், உடம்பு திரும்பினால், தரையிலிருந்து எடுத்தால், அடிக்கடி தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் அந்த 23 குறைந்துகொண்டே வரும். 'நீ இளவட்டம்தானே, தூக்கு' என்று சொல்கிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இளவட்டக் கல் தூக்கினவர்கள்கூட திருவிழாவுக்குத்தான் தூக்கினார்கள், ஷிஃப்டுக்கு 300 தடவை தூக்கவில்லை!

முதுகுவலி எல்லாம் ஆபத்தல்ல. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். அதற்காக மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதும், முதல் நாளே ஸ்கேன் எடுக்க ஓடுவதும் தேவையில்லை. மெதுவாக நடமாடுவதே நல்லது. வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் மாதிரி இறங்கினால், வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் எழுதி ரூமில் ஒட்டுங்கள்: சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, வராமல் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, பாதம் தொங்கிப் போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி! நாளைக்கு என்பதே கூடாது.

இன்னொரு வார்த்தை. கீழே விழுந்து எலும்பு முறிந்தால் கட்டு போடுகிற இடத்துக்குத்தான் நம் ஊர்களில் முதலில் ஓடுவார்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எங்கே கட்டினாலும், கட்டிய பிறகு விரல் நுனி நீலமானாலோ, மரத்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுகிய கட்டில் ரத்தம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அதேபோல வலி மாத்திரையைத் தினமும் கடையில் வாங்கிப் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வலியும் ஒரு வாட்ச்மேன்

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிற இதே பெங்களூர் ரோட்டில் போனால் வேலூர். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று ஆராய்ந்தார். நோயே விரலைத் தின்கிறது என்றுதான் அப்போது நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால், அவர்கள் அந்தக் கையை விடாமல் உபயோகிக்கிறார்கள். புண் புரையோடி விரல் போகிறது. வலி இல்லாததே அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது!

நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. வலி என்பது ராத்திரி விசில் அடிக்கிற வாட்ச்மேன். அவன் விசில் தொந்தரவாக இருக்கிறது என்று மாத்திரை போட்டு அவனைத் தூங்க வைக்கலாம். திருடன் தூங்க மாட்டான். வலி போய் மரத்துப் போகிற நிலை வந்தால் 'அப்பாடா, பழகிடுச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். வாட்ச்மேனே அடிபட்டுக் கிடக்கிறான் என்று அர்த்தம்.

கிரைண்டர், இம்பாக்ட் கன், நியூமேட்டிக் சுத்தி பிடிப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க டாக்டரம்மா, இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் காற்றுச் சுத்தியால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களை ஆராய்ந்தார். குளிர் வந்தால் அவர்கள் விரல்கள் வெள்ளையாகி மரத்தன. காரணம் அதிர்வு என்று எழுதி வைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் குளிர் இல்லாததால் விரல் அவ்வளவாக வெளுக்காது. ஆனால் மரத்துப் போவதற்கும் பிடி தளர்வதற்கும் குளிர் தேவையில்லை.

கணக்கில் வராத நோய்

இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற டாக்டர் 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர். கெட்ட தூசியும் விஷமும் மட்டுமல்ல, முறையற்ற அசைவும் கோணலான நிலையும்கூட நோய் தரும் என்று அன்றே எழுதினார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 34-ஆம் பிரிவில், காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது. பிறகு வந்த 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் உட்காரும் ஏற்பாடு பற்றிய வரி இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் நின்றே கால் வீங்கியவர்களுக்காகத் தமிழக சட்டமன்றம் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமை தந்தது. நல்ல விஷயம்!

ஆனால் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் என்று 29 நோய்கள் கொண்ட அட்டவணை இருக்கிறது. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் காது மந்தம் எல்லாம் உண்டு. மணிக்கட்டு நரம்பு இல்லை, முதுகு இல்லை! சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய பட்டியலில் கார்ப்பல் டனல் பேர் சொல்லியே இருக்கிறது. நம் அட்டவணையில் இல்லாததால் தெரிவிக்க வேண்டியதில்லை. தெரிவிக்காததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் 'அப்படி ஒரு பிரச்சினையே இல்லையே' என்று சொல்லிவிடலாம்.

இதில் நமக்கு நேராக வருகிற ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் அப்ரண்டிஸாகத்தான் போவோம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்பவர் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவதில்லை. பயிற்சியில் விபத்தால் காயம் ஏற்பட்டால் நிர்வாகம் நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், 'விபத்தால்'! பிரஸ்ஸில் விரல் போனால் அது விபத்து, தேதி உண்டு, நேரம் உண்டு, சாட்சி உண்டு. 21,000 தடவை திருப்பி மணிக்கட்டு போனால் அதற்குத் தேதி ஏது? சாட்சி யார்? ஆகவே நாமேதான் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

அப்ரண்டிஸ் அல்லாமல் சம்பளப் பட்டியலில் சேர்கிறவர்கள், சம்பளம் திட்டத்தின் வரம்புக்குள் இருந்தால் (2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய்) ஈ.எஸ்.ஐ.யில் வருவார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகப் பங்கு 3.25 சதவீதம். நம் பணமும் சேர்ந்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. முதல் மாதமே கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்காமல் போங்கள்.

"சொன்னா வேலை போயிடும்டா!"

இந்த இடத்தில் ஒரு நண்பன் குறுக்கே கேட்பான். 'எல்லாம் சரிப்பா, கை வலிக்குதுன்னு சொன்னா பர்மனென்ட் பண்ணுவானா? கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிக்கிறான்.'

அவன் கேட்பது நியாயம்தான். அந்தப் பயம் பொய்யல்ல, அதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் இதையும் யோசியுங்கள். நோக்கியா 2014-ல் மூடப்பட்டது. பல ஆயிரம் பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். யூனிஃபார்மையும் ஐ.டி. கார்டையும் விட்டுவிட்டுப் போனார்கள். கையை விட்டுவிட்டுப் போக முடியுமா? கம்பெனி வரும், போகும். அடுத்த கம்பெனிக்கு நாம் எடுத்துப் போகிற ஒரே டூல், இந்தக் கைதான். அதை ஒரே கம்பெனியில் மூன்று வருஷத்தில் செலவழித்துவிட்டால் மீதி முப்பது வருஷத்துக்கு என்ன செய்வது?

தனி ஆளாகச் சொன்னால் பயம். நாலு பேராகச் சொன்னால் அது தகவல். ஜப்பான்காரர்கள் டொயோட்டாவில் 'ஆண்டான்' என்று ஒரு முறை வைத்தார்கள். காரில் ஒரு குறை கண்டால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவி கூப்பிடலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். காருக்கு இழுக்கிற கயிறு, கைக்கு ஏன் இல்லை? ஒரே ஸ்டேஷனில் அடுத்தடுத்து நிற்கிற மூன்று பேருக்கும் மணிக்கட்டு வலித்தால் கோளாறு மூன்று உடம்பிலா இருக்கிறது? ஸ்டேஷனில் இருக்கிறது! தொடர்ந்து மூன்று பீஸ் ரிஜெக்ட் ஆனால் டையைக் கழற்றிப் பார்க்கிறோமே, அதே புத்திதான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு: பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். மணிக்கட்டை நேராக வைத்துப் பிடிக்கப் பழகுங்கள். அரை நிமிஷம் கிடைத்தாலும் கையைத் தொங்கவிட்டு விரலை விரியுங்கள். ஒரு பாக்கெட் நோட்டில் தேதி, என்ன வேலை, எந்த விரல், எத்தனை மணிக்கு வலி என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, ராத்திரித் தூக்கம் கெட்டாலோ டாக்டரிடம் போய், என்ன வேலை என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நாளைக்கு சூப்பர்வைசராகப் போகிறவர்களுக்கு: மேஜை உயரம் ஏறக்குறைய முழங்கை மட்டத்துக்கு இருக்கட்டும். கனமான கன்னை ஸ்பிரிங் பேலன்சரில் தொங்கவிடுங்கள். அடிக்கடி எடுக்கும் பாகத்தைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். தரையில் வைத்த பின்னை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்றும்போது வேறு தசை உழைக்கிற வேலையாக இருக்கட்டும், ஒரு ஸ்க்ரூவிலிருந்து இன்னொரு ஸ்க்ரூவுக்கு மாற்றினால் அது மாற்றமல்ல. இவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவே இல்லை. கெய்சன் போர்டில் ஒட்டுகிற யோசனையில் ஒன்றாவது கைக்கும் முதுகுக்கும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பழகிடும்' என்ற வார்த்தையை நம் வாயால் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, இன்பிளான்ட் டிரெய்னிங் போகும் முன்பு ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து ஒரு நாள் வகுப்பு. இரண்டு, டிரெய்னிங் போய் வந்தவர்களிடம் எங்கே வலி என்று பேர் இல்லாத ஒரு படிவம் வாங்கி, ஸ்டேஷன் வாரியாகத் தொகுத்து வைப்பது. அட்டவணையில் இல்லாத நோய்க்கு நாமாவது ஒரு கணக்கு வைப்போம். மூன்று, தமிழக அரசு 2024-ல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியிடத்துக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதோடு மணிக்கட்டையும் முதுகையும் பார்க்கச் சொல்லி மனு கொடுப்பது. பஸ் பாஸுக்குப் போராடத் தெரிந்த நமக்கு இதற்கும் ஒரு மனு எழுதத் தெரியாதா?

நண்பர்களே! நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதல் பட்டயம் நாம்தான். நம் அப்பா, அம்மா தங்கள் முதுகை விற்றுத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். நாமும் நம் கையை விற்றுப் பிழைக்கத்தான் இந்தப் படிப்பா? உழைப்பை விற்போம், அதில் வெட்கமில்லை. உறுப்பை விற்க வேண்டாம்!

மெஷினின் சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பார்க்கக் கற்றவர்கள் நாம். உடம்பின் சத்தத்தையும் கேட்கக் கற்போம். பக்கத்தில் நிற்கிறவனின் சத்தத்தையும் சேர்த்தே கேட்போம்!